பஞ்சு வந்தது; தீட்டு போயிற்றா?

மனைவியின் துன்பம் கண்டு பஞ்சு தேடிப் புறப்பட்டான் ஒருவன். ஊர் ஏசிற்று, உற்றார் ஒதுங்கினர், பஞ்சாயத்து பழித்தது. அவனோ விடவில்லை. பொறி ஒன்று செய்தான்; பரிசு பெற்றான்; பார் புகழத் திரும்பினான். 2018 பிப்ரவரியில் வெளிவந்த 'பேட்மேன்' என்னும் இந்திப் படத்தின் கதை இது. இயக்கியவர் ஆர். பால்கி. நாயகன் அக்ஷய் குமார். மனைவியாக ராதிகா ஆப்தே. நாயகனுக்குத் துணை நிற்கும் படித்த பெண்ணாக சோனம் கபூர்.

படம் பார்த்தோர் கைதட்டினர். நாமும் தட்டலாம், தட்டத் தகுந்த இடங்கள் உண்டு. ஆனால் பகுத்தறிவுப் பள்ளியிலே பயின்றோர்க்குக் கைதட்டலோடு கடமை முடிவதில்லை, தோழர்களே! தட்டிய கையை இறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். பஞ்சு வந்தது, தீட்டு போயிற்றா? துணி மாறிற்று, திண்ணை மாறிற்றா? கடையிலே சரக்கு நிறைந்தது. வகுப்பறையிலே பெண் நிறைந்தாளா?

இந்தக் கேள்வியை உரைகல்லாக வைத்துக் கொண்டு படத்தை உரசிப் பார்ப்போம்.

முதலில் பொன்னைப் பார்ப்போம், பிறகு செம்பு.

'வீட்டுக்குத் தூரம்', 'விலக்கு', 'வெளியே' என்று மூடி மூடிப் பேசிய ஒன்றை, மூவாயிரம் கொட்டகையானாலும் மூலைக் கொட்டகையானாலும், ஆணும் பெண்ணும் அடுத்தடுத்து அமர்ந்து பார்க்கும் திரையிலே பேச வைத்தது சிறு செயல் அன்று. சண்டையிலே பத்துப் பேரைச் சாய்க்கும் நாயகன், நாப்கினைத் தானே அணிந்து, விலங்கின் குருதியை நிரப்பிச் சோதித்து, ஆற்றங்கரையிலே அவமானப்பட்டு நிற்கிறான். ஆண்மை என்பது மீசையிலே இல்லை, பிறர் வலியை உணர்வதிலே இருக்கிறது என்று அந்தக் காட்சி சொல்கிறது. சொல்ல வேண்டிய செய்தி. சொல்லும் முறையிலும் பழுதில்லை. மனைவியின் வாயிலாகப் படம் கூறும் உண்மையும் கூரானது: நோயைவிட நாணமே பெண்ணைப் பெரிதும் ஒடுக்குகிறது என்பது அதன் கருத்து. இந்த ஒரு கருத்தைப் பிடித்துக் கொண்டு படம் முன்னேறியிருந்தால், இந்த விமர்சனத்துக்கே வேலை இருந்திராது.

இனிச் செம்பு.

கதைக்கு மூலமான மனிதர் நம் கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டவர். 1998இல் மணம் முடித்தபின், மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவது கண்டு ஆய்வில் இறங்கினார். பெருநிறுவனங்கள் பயன்படுத்துவது வெறும் பருத்திப் பஞ்சன்று, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே ஆண்டுகள் கழிந்தன. சிற்றூர்ப் பெண்கள் தாமே இயக்கக்கூடிய எளிய பொறியை உருவாக்கினார். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யிலே பரிசு பெற்றார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. பொறியைப் பெரிய முதலாளிக்கு விற்றுப் பணம் குவித்திருக்கலாம். மகளிர் குழுக்களுக்குக் கொடுத்தார். பெருமைக்குரிய மனிதர், ஐயமில்லை.

திரையிலோ, கோவைத் தமிழர் நருமதைக் கரையிலே லட்சுமிகாந்த் சவுகான் ஆகிறார்! ஊர் மகேசுவரம். பரிசளிப்பு தில்லி ஐ.ஐ.டி.யிலே. இதற்காகச் சிலர் சினங்கொண்டனர். அந்தச் சினத்தை இங்கே செலவிட வேண்டாம். களத்தை மாற்றக் கலைஞனுக்கு உரிமை உண்டு. நாம் கேட்பது வேறு: களத்தை மாற்றிய கை, காரணத்தையும் மாற்றிவிட்டதே, அது முறையா?

படத்திலே மனைவி ஐந்து நாள் வீட்டுக்குள் வராமல் வெளியே கிடக்கிறாள். நாயகன் அதைக் கண்டு வருந்துகிறான், வியக்கிறான், கேலியும் செய்கிறான். ஆனால் போர் தொடுப்பது எதனோடு? அழுக்குத் துணியோடு! துணிக்குப் பகை பஞ்சு; பஞ்சுக்குப் பகை விலை; விலைக்குப் பகை பொறி; பொறி வந்தது, 2 ரூபாய்க்கு நாப்கின் வந்தது, வெற்றி முழக்கம் எழுந்தது. திண்ணைக்குப் பகை எது? தீட்டு என்ற சொல்லுக்குப் பகை எது? அந்தப் போரைப் படம் தொடங்கவே இல்லை. அண்டை வீட்டுச் சிறுமி பூப்பெய்தும்போது ஆடலும் பாடலுமாக ஒரு விழா நடக்கிறது. நம் மஞ்சள் நீராட்டு விழாவை நினைவூட்டும் விழா. அதைப் படம் அழகாகக் காட்டுகிறது. ஆனால் அந்த விழாவின் பொருள் என்ன, அது முடிந்த மறுவாரம் அந்தச் சிறுமியின் புத்தகப் பை எங்கே போகும் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் இந்தக் கதையின் களமாக அமையவே இல்லை.

கள்வனை விட்டுவிட்டுக் கள்வன் போட்டிருந்த சட்டையைச் சிறையிலிட்டது போன்ற வேலை இது.

இதே பொறியைப் பற்றி மற்றொரு படமும் உண்டு. 26 நிமிடமே ஓடும் ஆவணப்படம், 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்' என்பது பெயர். இயக்கியவர் ரைகா செதாப்சி. 2019இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. அமெரிக்காவின் லாசு ஏஞ்சல்சு நகரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் நிதி திரட்ட, உத்தரப் பிரதேசத்து ஹாப்பூர் மாவட்டத்தில் காத்திக்கேரா என்னும் சிற்றூருக்கு முருகானந்தம் படைத்த பொறி போய்ச் சேர்ந்த கதை. நாயகன் இல்லை, பாட்டில்லை, பரிசளிப்பு மண்டபம் இல்லை. ஆனால் பெரிய படம் காணாததைச் சிறிய படம் கண்டிருக்கிறது.

மாதவிடாய் என்றால் என்ன என்று கேட்டதும் பெண்கள் நாணிக் குனிகின்றனர். இளைஞர்களைக் கேட்டால், அது ஏதோ நோய் என்கின்றனர். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணொருத்தி காரணம் சொல்கிறாள்: துணி மாற்ற இடமில்லை, தொலைவு போக வேண்டும், பார்க்கும் கண்கள் சுற்றி நிற்கும், முயன்று பார்த்தாள், முடியவில்லை, நின்றுவிட்டாள். அந்த நாள்களிலே கோயிலுக்குள் வரக்கூடாது என்ற விதியை நான் ஏற்கவில்லை என்று இன்னொரு பெண் துணிந்து பேசுகிறாள். பார்த்தீர்களா, தோழர்களே! கோடிகளைக் கொட்டி எடுத்த படத்தில் வராத கேள்வி, ஒரு சிற்றூர்ப் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. கலையிலே பெரிது சிறிது என்பது நீளத்தால் அளக்கப்படுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனினும், இந்தச் சிறிய படமும் பொறியின் வெற்றியிலேதான் முடிகிறது. பெண்கள் கூலி பெறுகிறார்கள், தலை நிமிர்கிறார்கள், நன்று. ஆனால் பள்ளியை விட்ட அந்தப் பெண் கேட்டது நாப்கின் மட்டுமா? மறைவிடம், தண்ணீர், வெறித்துப் பார்க்காத கண்கள். இம்மூன்றையும் எந்தப் பொறியிலே செய்வது?

இங்கே நம் மேடைகளிலும் ஒரு தவறு நடக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் விமர்சனம் ஒருதலையாகிவிடும். 'நாப்கின் இல்லாததால் நாட்டிலே இத்தனை கோடிப் பெண்கள் படிப்பை விட்டனர்' என்று ஓர் எண்ணை எடுத்து முழங்குகிறோம். எண் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. புராணக் கணக்கை 'ஆதாரம் எங்கே?' என்று மடக்கும் நாம், நமக்குச் சாதகமான கணக்கை மட்டும் கண்ணை மூடிக் கொண்டு ஏற்கலாமா? பகுத்தறிவு பகைவனுக்கு மட்டும் காட்டும் வாளன்று. நம் கையிலிருக்கும் பண்டத்தையும் நிறுக்கும் தராசு.

நிறுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நேபாளத்தின் சித்வன் பகுதியிலே 198 சிறுமியரை வைத்து எமிலி ஆஸ்டர், ரெபெக்கா தார்ன்டன் என்ற இரு பொருளியலார் ஆய்ந்தனர். 2011இல் முடிவு அச்சாயிற்று. ஒரு பகுதியினர்க்கு மாதவிடாய்க் கிண்ணம் கொடுத்தனர்; மற்றவர்க்குக் கொடுக்கவில்லை. கண்டது என்ன? 180 நாள் பள்ளியாண்டிலே மாதவிடாயால் இழந்தது அரை நாளுக்கும் குறைவு. கிண்ணம் கொடுத்தும் வருகையிலே குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. துணி துவைக்கும் சுமைதான் குறைந்தது. 198 சிறுமியர் உலகம் முழுமைக்கும் சாட்சி ஆகார், உண்மை. ஆனால், பண்டத்தைக் கொடு, பள்ளி நிறையும் என்ற எளிய சமன்பாட்டை ஐயுற அது போதும்.

பின் எதனால் விலகுகிறாள் பெண்? மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பாருங்கள், விடை துலங்கும்.

ஒன்று: நம் நாட்டுப் பள்ளிகளிலே கழிவறை கட்டிய திட்டத்தை அஞ்சலி அடுக்கியா என்பவர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். சிறு பிள்ளைகளுக்குப் பொதுக் கழிவறையே பயன் தந்தது. பூப்பெய்தும் வயதுப் பெண்களுக்கோ, தங்களுக்கென்று தனிக் கழிவறை இருந்த இடத்திலேதான் சேர்க்கை நன்கு உயர்ந்தது.

இரண்டு: பீகாரிலே 2006இல் பள்ளி மாணவியர்க்கு மிதிவண்டி கொடுத்தனர். கார்த்திக் முரளிதரன், நிசித் பிரகாஷ் ஆகியோர் ஆய்ந்தபோது, உயர்நிலை வகுப்பிலே பெண்கள் சேர்க்கை ஏறத்தாழ 30 விழுக்காடு உயர்ந்தது தெரிந்தது. தொலைவு குறைந்தது; அச்சம் குறைந்தது; பெண் வந்தாள்.

மூன்று: வங்கதேசத்துச் சிற்றூர்களிலே எரிக்கா ஃபீல்டு, அட்டிலா அம்புருசு இருவரும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு. பூப்பெய்தும் வயது பிந்தினால் மணமும் பிந்துகிறது. மணம் ஓராண்டு பிந்தினால் படிப்பு ஏறத்தாழ 0.22 ஆண்டு கூடுகிறது.

மூன்றாவதை மறுமுறை படியுங்கள், தோழர்களே! பூப்பு பெண்ணைப் பள்ளியிலிருந்து வெளியேற்றும் வழி இதிலே வெட்ட வெளிச்சமாகிறது. மாதம் மூன்று நாள், ஐந்து நாள் என்று சிறுகச் சிறுகக் களவாடுவதைவிட, 'பெண் பெரியவளாகிவிட்டாள்' என்ற ஒரே அறிவிப்பால் மொத்தமாகக் கொள்ளை போவதே பெரிது. அந்த அறிவிப்பை உடல் செய்யவில்லை, ஊர் செய்கிறது. பந்தல் போட்டுச் செய்கிறது. பத்திரிகை அடித்துச் செய்கிறது. தாய்மாமன் சீரோடு செய்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையை மணையிலே உட்கார வைத்து, பட்டு உடுத்தி, 'மணத்துக்கு ஏற்றவள் இவள்' என்று ஊருக்குக் காட்டும் விழாவுக்கு வேறு என்ன பொருள்?

'நம் நாட்டிலே இதெல்லாம் தீர்ந்துவிட்டது' என்பார் உண்டு. ஓரளவு உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டோம். 2012இல் தமிழக அரசு 'புது யுகம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. சிற்றூர்களின் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு, பெட்டி ஒன்றுக்கு 6 நாப்கின் வீதம், ஆண்டுக்கு 18 பெட்டி இலவசம் என்பது ஏற்பாடு. நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால், 2015-16இல் 15 முதல் 24 வயதுப் பெண்களில் தூய்மையான முறையைக் கையாண்டோர் ஏறத்தாழ 58 விழுக்காடு. 2019-21இல் அது 77 விழுக்காட்டைத் தாண்டிற்று. தமிழகத்திலோ 90 விழுக்காட்டுக்கும் மேல். 2017இல் நாப்கின்மீது சுமத்தப்பட்ட 12 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. வரியும் 2018 ஜூலையிலே நீக்கப்பட்டது. பஞ்சு வந்தது என்று மார்தட்டிச் சொல்லலாம்.

தீட்டு போயிற்றா?

படம் வெளிவந்த அதே 2018. நவம்பர் 16. கசா புயல் டெல்டாவைச் சூறையாடிய இரவு. பட்டுக்கோட்டை வட்டாரச் சிற்றூர் ஒன்றிலே, பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையிலே தங்க வைக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, மரம் சாய்ந்து மாண்டாள். கொன்றது புயலா? புயல் எல்லாருக்கும் பொதுவாகத்தான் அடித்தது. குடிசையிலே அவளைத் தனியே கிடத்தியது எது?

2025 ஏப்ரல். முருகானந்தம் பிறந்த அதே கோவை மாவட்டம். தனியார் பள்ளி ஒன்றிலே, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவி, பூப்பெய்தியவள் என்பதற்காக வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டிலே அமர்ந்து தேர்வு எழுதினாள். தாய் அதைப் படம் பிடித்தார், நாடு கண்டது, பள்ளி முதல்வர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். தாயே தனியிடம் கேட்டதாகப் பள்ளித் தரப்பு கூறிற்று. கேட்டதாகவே வைத்துக் கொள்வோம். ஒரு தாய் அப்படிக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு எவர் கற்பித்தார்? கேட்டாலும், 'அம்மா, இது உடலின் இயல்பு. உள்ளே வரட்டும் பிள்ளை' என்று சொல்லத்தானே பள்ளிக்கூடம்! அறிவைக் கொடுக்கும் இடமே அறியாமைக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தால், யாரிடம் போய் முறையிடுவது?

ஆயிரம் நாப்கின் கொடுங்கள், பத்தாயிரம் கொடுங்கள். அந்தப் படிக்கட்டிலிருந்து அந்தப் பிள்ளையை எழுப்பி உள்ளே அமர்த்த அவற்றால் முடியுமா? தீண்டாமைக்குச் சாதி ஒரு வாயில் என்றால், தீட்டு இன்னொரு வாயில். அந்தச் சிறுமிக்கு இரு வாயிலும் ஒரே நாளிலே அடைக்கப்பட்டன.

'அப்படியானால் நாப்கின் வேண்டாம் என்கிறாயா?' என்று கேட்பீர்கள். வேண்டும்! தடையின்றி வேண்டும், தரமாக வேண்டும், பயன்படுத்தியதை அப்புறப்படுத்த வழியோடு வேண்டும். ஈரத் துணியைப் பாய்க்கு அடியிலே ஒளித்து உலர்த்தும் இழிநிலை ஒழிய வேண்டும். வெயிலிலே உலர்த்த நாணுவதால் அல்லவா துணி கிருமிக்கு வீடாகிறது! நலத்துக்காகவும் மானத்துக்காகவும் வேண்டும். வருகைப் பதிவேட்டிலே எண் கூடினால்தான் கொடுப்போம் என்று பேரம் பேசுவது கயமை. நாம் சொல்வது: நாப்கின் வேண்டும், அது போதாது. போதும் என்று நம்ப வைப்பதுதான் 'பேட்மேன்' போன்ற படங்களின் பிழை. ஒரு பொருளை வாங்கிக் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பது சமுதாயத்துக்கு மிகவும் இனிப்பான செய்தி. எவரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை அல்லவா! தந்தை மாற வேண்டாம். பூசாரி மாற வேண்டாம். ஆசிரியர் மாற வேண்டாம். கடைக்காரர் கறுப்புப் பையிலே சுற்றிக் கொடுப்பதைக்கூட நிறுத்த வேண்டாம்.

பள்ளியிலே பாடம் சொல்லும் ஆசிரியை என்ற முறையிலே, என் தொழிலாரை நோக்கியும் ஒன்று சொல்வேன். எட்டாம் வகுப்பு அறிவியல் நூலிலே 'வளரிளம் பருவமடைதல்' என்று ஒரு பாடம் அச்சிட்டுத்தான் இருக்கிறது. அச்சிட்டது அரசு, தாண்டிப் போவது நாம்! 'வீட்டிலே படித்துக் கொள்ளுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டுகிற ஆசிரியர் எத்தனை பேர்? பெண்களைத் தனியே அழைத்துக் காதோடு காதாகச் சொல்லிவிட்டு, ஆண் பிள்ளைகளை விளையாட அனுப்புவோர் எத்தனை பேர்? காத்திக்கேராவின் இளைஞர்கள் அதை நோய் என்றார்களே, அவர்களைச் சிரிக்க நமக்குத் தகுதி உண்டா? பாடம் நடத்தாத பள்ளியிலே படித்த ஆண் பிள்ளைதான் நாளை கறை கண்டு சிரிக்கிறான். நாளை மறுநாள் தந்தையாகித் திண்ணை காட்டுகிறான்.

தோழர்களே! உங்களிடமும் ஒரு வழக்கு உண்டு. சடங்கு வேண்டாம் என்று மேடையேறுகிறோம், சரி. நம் இல்லத்துப் பெண் பூப்பெய்தினால்? கழகத் தோழர் வீட்டிலேயே மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் அச்சாகிறதே! மேலே தலைவர்கள் படம். நடுவே தாய்மாமன் பெயர். கீழே அந்தச் சிறுமியின் புகைப்படம்! தெருமுனையிலே பதாகை! 'ஊர் வழக்கம், மொய் திரும்பி வர வேண்டும், பாட்டி மனம் நோகும்' என்று ஆயிரம் காரணம். வைதீகன் வேதத்தைக் காட்டினான். நாம் மொய்ப் புத்தகத்தைக் காட்டுகிறோம். சிறுமிக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் உடலின் செய்தி ஊருக்கு விளம்பரமாகிறது. அவள் வகுப்பிலே ஒரு வாரம் காலியிடம் விழுகிறது. திரும்பி வந்தால் பையன்களின் பார்வை மாறியிருக்கிறது.

செய்யத் தக்கவை என்ன? அரிய காரியம் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பள்ளியின் பெண்கள் கழிவறைக்குப் போய்க் கதவுக்குத் தாழ் இருக்கிறதா, குழாயிலே தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிலே எழுப்புங்கள், எழுத்திலே கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். பாடத்தைத் தாண்டும் ஆசிரியரைத் தாண்ட விடாதீர்கள். மஞ்சள் நீராட்டு அழைப்பு வந்தால், போகாமல் இருங்கள். மொய்க்கு ஈடாக அந்தப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். காரணத்தைப் பெற்றோரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலே அந்த நாள்களில் எவரும் எந்த அறைக்கும் விலக்கில்லை என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

கலைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தை எடுங்கள். அதிலே பொறி கண்டுபிடித்த ஆடவன் நாயகனாக வேண்டாம். அவன் புகழை எவரும் பறிக்கவில்லை. பூப்பெய்திய மறுநாள், பந்தல் இல்லாமல், பதாகை இல்லாமல், பையை மாட்டிக் கொண்டு பள்ளிக்குப் போகும் பெண் நாயகியாகட்டும். அவளைத் தடுக்கும் தீட்டு வில்லனாகட்டும். ஐ.நா. சபையிலே சொற்பொழிவு வேண்டாம்; ஆண்டுத் தேர்வு அறையிலே அவளுக்கு ஒரு பெஞ்சு, எல்லாரையும் போல, எல்லாரோடும், உள்ளே.

பெண்ணின் குருதி அழுக்கன்று. அதை அழுக்கென்ற எண்ணமே அழுக்கு. அந்த அழுக்கைத் துடைக்கும் பஞ்சு எந்தப் பொறியிலும் உருவாவதில்லை. அறிவிலே உருவாகிறது, துணிவிலே பயன்படுகிறது.